எடிட்டர் செருகுநிரல்களை நிக்ஸிடம் ஒப்படைத்தவர்கள் இருக்கிறீர்களா?

வேளச்சேரிவாசி
ஜூன் 10, இரவு 9.40

வணக்கம். இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

நிரல் எழுத ஆறு வருடமாக நியோவிம்தான் என் எடிட்டர். மொத்தம் 41 செருகுநிரல்கள் (எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்), எல்லாம் லேசி மேலாளர் வழியாக நிறுவியவை. காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று எண்ணி, காலை எட்டரை மணிக்கு அத்தனையையும் புதுப்பித்தேன். பதினொரு மணிக்கு வாடிக்கையாளரிடம் செயல்விளக்கம். புதுப்பித்த பிறகு பைத்தான் கோப்பைத் திறந்தால் வண்ணங்கள் எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். அடியில் சிவப்பில் ஒரு வரி: வினவலில் பிழை, செல்லாத கணு வகை. நிரலுக்கு வண்ணம் தரும் ட்ரீசிட்டர் செருகுநிரல் புதிய பதிப்புக்குப் போய்விட்டது, ஒவ்வொரு நிரல்மொழியையும் பிரித்துப் படிக்க அது நம்பியிருக்கும் மொழிப் பகுப்பிகள் பழையதாகவே நின்றுவிட்டன. பகுப்பிகளை மறுபடி உருவாக்கச் சொன்னால் சி கம்பைலர் (மூலநிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றும் கருவி) எங்கே என்று கேட்டது. போன மாதம் உபுண்டு லினக்ஸைப் புதிதாக நிறுவியபோது அது விடுபட்டிருக்கிறது. ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று என்று பத்தே முக்கால் ஆகிவிட்டது. செயல்விளக்கத்தை வேறு எடிட்டரில் தட்டுத்தடுமாறிச் செய்து முடித்தேன்.

நிக்ஸ், அதைக் கொண்டு ஒரு பயனரின் நிரல்களையும் அமைவுகளையும் கவனிக்கும் ஹோம் மேனேஜர் என்று இங்கே சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். என்ன வேண்டும் என்று கோப்பில் எழுதிவைத்தால் நிறுவுவதை அது பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள். இதன் பெருமைகளை ஏற்கெனவே படித்துவிட்டேன். தினசரி வேலையில் எங்கே இடிக்கும், அதைச் சொல்லுங்கள். உபுண்டுவை விட்டுவர எனக்கு விருப்பமில்லை.


மயிலை ஈமாக்ஸ்
ஜூன் 10, இரவு 10.25

உபுண்டுவை விடவே வேண்டாம், தம்பி. நிக்ஸ் வேறு, நிக்ஸ்ஓஎஸ் வேறு. முதலாவது ஒரு தொகுப்பு மேலாளர். எந்த லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். இரண்டாவது அதன்மேல் கட்டிய முழு இயங்குதளம். உங்களுக்கு முதலாவது போதும்.

எங்கே இடிக்கும் என்பது புரிய, அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை இது. 2006இல் அதையே முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தார். அடிப்படை எண்ணம் ஒன்றுதான். நிறுவும் ஒவ்வொரு பொருளும் ஒரே களஞ்சியக் கோப்புறைக்குள், தனக்கென்று ஒரு முகவரியில் உட்காரும். அந்த முகவரி 32 எழுத்து ஹேஷில் தொடங்கும். மூலநிரல், கம்பைலர், சார்ந்திருக்கும் நூலகங்கள், உருவாக்கிய விதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. இவற்றில் ஒன்று மாறினாலும் முகவரி மாறிவிடும். ஆகவே புதியது பழையதன்மேல் எழுதப்படுவதில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும்.

இன்று காலை உங்களுக்கு நேர்ந்ததை இதோடு ஒப்பிடுங்கள். நிக்ஸ் தொகுப்புத் திரட்டில் ட்ரீசிட்டரும் பகுப்பிகளும் ஒரே கிட் கமிட்டிலிருந்து (கிட் என்பது கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி, கமிட் அதில் ஒரு பதிவு) வருகின்றன. பகுப்பிகள் எங்கோ ஒரு சேவையகத்தில் ஏற்கெனவே உருவாக்கப்பட்டு, ஆயத்தமாக வந்து இறங்கும். உங்கள் கணினியில் கம்பைலர் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே எழாது.

என் கதை இன்னொரு எடிட்டரான ஈமாக்ஸின் கதை. அதில் தொகுப்பு மேலாளர் உள்ளேயே வந்தது 2012இல், 24ஆம் பதிப்பில். அதற்குமுன் கோப்புகளைக் கையால் இறக்கிவைத்துப் பாதையைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். மேலாளர் வந்தபோது பெரும் நிம்மதி. ஆனால் ஈமாக்ஸ் தொகுப்புகள் கிடைக்கும் மெல்பா களஞ்சியம் ஒவ்வொரு தொகுப்புக்கும் கடைசியாக உருவாக்கியதை மட்டுமே வைத்திருக்கும். இன்று புதுப்பித்து உடைந்தால், நேற்றையது வேண்டும் என்று கேட்டுப் பெற அங்கே வழியில்லை. 2019இல் க்னூ எல்பா என்ற இன்னொரு தொகுப்புக் களஞ்சியத்தின் கையொப்பச் சாவி காலாவதியானது நினைவிருக்கிறதா? பழைய ஈமாக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு ஒரு தொகுப்பும் இறங்கவில்லை. அந்த வாரம்தான் நான் நிக்ஸுக்கு வந்தேன்.


பெருங்குடி லுவா
ஜூன் 11, காலை 7.15

மயிலை சார்மேல் மிகுந்த மரியாதை உண்டு; ஆனாலும் இது கொசுவை அடிக்கப் பீரங்கி கொண்டுவருவது என்றே எனக்குப் படுகிறது. லேசியே ஒரு லாக் கோப்பை எழுதுகிறது. எந்தச் செருகுநிரல் எந்தக் கமிட்டில் இருந்தது என்பது வரிக்கு வரி அதில் இருக்கும். அந்தக் கோப்பைக் கிட்டில் சேர்த்திருந்தால், வேளச்சேரி நண்பர் பழைய லாக் கோப்பை எடுத்து வைத்து, மீட்டெடுக்கும் கட்டளை ஒன்றைக் கொடுத்து, எட்டு முப்பத்தைந்துக்கு வேலையைத் தொடங்கியிருப்பார். இதற்காகப் புதிதாக ஒரு மொழி கற்க வேண்டுமா?

இன்னொன்று. எடிட்டர் என்பது நாளுக்குப் பத்து முறை தொட்டுத் திருத்தும் பொருள். ஒரு விசைக்குறுக்குவழியை மாற்றிவிட்டு, அது பிடிக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். நிக்ஸில் அமைவுக் கோப்பு வாசிக்க மட்டுமே ஆகும் களஞ்சியத்துக்குள் போய்விடுகிறது. ஒரு எழுத்தை மாற்றினாலும் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கிச் செயல்படுத்த வேண்டும். இரண்டு வாரம் இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தவன் நான்.


வேளச்சேரிவாசி
ஜூன் 11, காலை 8.05

லாக் கோப்பைக் கிட்டில் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் லுவா நண்பரே, சேர்த்திருந்தாலும் கம்பைலர் விஷயம் தீர்ந்திருக்காது. உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கும் கவலை. மயிலை சார், தினமும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?


மயிலை ஈமாக்ஸ்
ஜூன் 11, இரவு 9.10

லுவா நண்பர் சொன்னது இரண்டும் நியாயம். இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன். பலர் நிக்ஸை விட்டு ஓடுவது அங்கேதான்.

நானும் தொடக்கத்தில் எல்லாவற்றையும் நிக்ஸ் மொழியிலேயே எழுதினேன். ஈமாக்ஸின் அமைவு முழுவதும் மேற்கோள் குறிக்குள் ஒரு நீண்ட சரமாகக் கிடந்தது. வண்ணமில்லை, அடைப்புக்குறி பொருந்துகிறதா என்ற சோதனையுமில்லை. மூன்று மாதம் அப்படி இருந்துவிட்டுப் பிரித்தேன். பிறர் மாற்றும் பொருள்கள் நிக்ஸிடம். நான் மாற்றும் பொருள்கள் என்னிடம். செருகுநிரல், மொழிச் சேவையகம் (நிரலில் பிழை காட்டவும் பெயர்களை நிரப்பவும் எடிட்டருக்கு உதவும் பின்னணி நிரல்), எழுத்துரு, எடிட்டரின் பதிப்பு எல்லாம் பிறர் கையில் இருப்பவை. அவற்றைப் பூட்டுவதில்தான் பயன். விசைகள், நிறங்கள், சின்னச் சின்ன செயற்கூறுகள் என் கையில் இருப்பவை. பூட்டினால் எனக்குத்தான் தொல்லை.

இதற்கு வழி உண்டு. ஹோம் மேனேஜரில் எம்கேஅவுட்ஆஃப்ஸ்டோர்சிம்லிங்க் என்று நீளமான பெயரில் ஒரு செயற்கூறு இருக்கிறது. அமைவுக் கோப்பைக் களஞ்சியத்துக்குள் நகலெடுக்காமல், உங்கள் முகப்புக் கோப்புறையில் இருக்கும் அசல் கோப்பையே சுட்டும் இணைப்பை அது உருவாக்கும். கோப்பைத் திருத்திச் சேமித்தால் அடுத்த நொடி நடைமுறைக்கு வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஃப்ளேக் (நிக்ஸ் அமைவு சார்ந்திருக்கும் பதிப்புகளைத் தனக்கென ஒரு லாக் கோப்பில் பூட்டிவைக்கும் முறை) பயன்படுத்தினால் பாதையை முழுதாகக் கொடுங்கள். சுருக்கப் பாதை கொடுத்தால் இணைப்பு மறுபடியும் களஞ்சியத்துக்குள் இருக்கும் நகலுக்கே போய்விடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

இனி முதல் கேள்வி. லேசியின் லாக் கோப்பு நல்ல பொருள்தான். அதில் இருப்பது செருகுநிரல்களின் கமிட் மட்டும். எந்த நியோவிம் பதிப்பு, கோப்புகளுக்குள் தேடும் எந்த ரிப்கிரெப், எந்தப் பைத்தான் மொழிச் சேவையகம், பகுப்பிகளை உருவாக்க எந்தக் கம்பைலர்? அதற்கு இவை தெரியாது. ஒரே கணினியில் ஒரே ஆளாக வேலை செய்பவருக்கு அது போதும் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.


பள்ளிக்கரணை மைந்தன்
ஜூன் 12, மாலை 6.30

ஒரே கணினியில் ஒரே ஆள் என்று சார் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கும் ஒரே கணினிதான் இருந்தது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் மழை. எங்களுடையது தரைத்தளம். விடிகாலை வாசற்படியில் நின்ற தண்ணீர் மதியத்துக்குள் முழங்காலைத் தொட்டது. அம்மாவை மாடி வீட்டுக்கு ஏற்றினோம். மாத்திரைப் பெட்டி, வீட்டுப் பத்திரம், எரிவாயுச் சிலிண்டர் என்று கண்ணில் பட்டதைத் தூக்கினோம். மேசையின் கீழ்த்தட்டில் இருந்த மடிக்கணினி யார் கண்ணிலும் படவில்லை. நான்காம் நாள் கீழே இறங்கி அதைத் திறந்தபோது, விசைகளுக்கு இடையில் சேறு காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது.

ரிச்சி தெருவில் பழைய திங்க்பேட் மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு பிராட்பேண்ட் இன்னும் திரும்பவில்லை. கைபேசி இணைப்பில்தான் எல்லாம். நிக்ஸை நிறுவினேன், கிட்டிலிருந்து என் அமைவுக் களஞ்சியத்தை இறக்கினேன், ஹோம் மேனேஜர் ஸ்விட்ச் என்ற ஒரு கட்டளை. இரண்டு மணி நேரம் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஈமாக்ஸைத் திறந்தேன். எழுத்துருவின் அளவு, அடைப்புக்குறிகளின் நிறம், தமிழ் தட்டச்சுக்கு நான் வைத்திருந்த விசை, எதிலும் மாற்றமில்லை. அந்த வாரத்தில் வீட்டில் வேறு எந்தப் பொருளும் இருந்த இடத்தில் இல்லை. கை தானாகப் போய்த் தொட்ட விசை சரியாக வேலை செய்ததைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

திரும்ப வராததையும் சொல்ல வேண்டும். கிட்டில் ஏற்றாமல் வைத்திருந்த மூன்று வாரத் திருத்தங்கள் போயின. எடிட்டர் சேர்த்துவைத்திருந்த செயல்தவிர் வரலாறு போயிற்று. திறந்து வைத்திருந்த கோப்புகளின் பட்டியல் போயிற்று. எழுதிவைத்தது மட்டும்தான் திரும்பும். வேளச்சேரி நண்பர் இதற்கு ஏதாவது வழி செய்தால் இங்கே எழுதுங்கள்.


கிண்டி மாணவி
ஜூன் 13, காலை 6.50

படித்துவிட்டு ஆசையாக இருக்கிறது. ஆனால் என்னுடையது 256 ஜிபி வட்டு, விடுதியின் வைஃபை. பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் இடம் எத்தனை நாள் தாங்கும்? நான் ஈமாக்ஸ்தான் பயன்படுத்துகிறேன். கைக்ஸ் இதைவிட நல்லது என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார்.


மயிலை ஈமாக்ஸ்
ஜூன் 13, இரவு 8.45

நல்ல கேள்வி, அம்மா. களஞ்சியம் வீங்கத்தான் செய்யும். என் கணினியில் ஒரு முறை 38 ஜிபி வரை போனது. பழைய தலைமுறைகளை (ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சேமிக்கப்படும் முந்தைய நிலைகளை) நீக்கி, குப்பை அகற்றும் கட்டளையை ஓட்டியதும் 14க்கு இறங்கியது. மாதம் ஒரு முறை செய்யுங்கள், கடைசி இரண்டு மூன்று தலைமுறைகளை மட்டும் விட்டுவையுங்கள். ட்ரீசிட்டர் வைத்தால் அனைத்து மொழிப் பகுப்பிகளையும் கேட்காமல், வேண்டிய ஐந்தாறு மொழிகளை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஃப்ளேக்கின் லாக் கோப்பைத் தினமும் புதுப்பிக்காதீர்கள். விடுதி இணைப்புக்கு மாதம் ஒன்றே அதிகம்.

கைக்ஸ் 2012இல் அறிவிக்கப்பட்டது. எண்ணம் நிக்ஸுடையதே. எழுதும் மொழி ஸ்கீம் என்பதால் ஈமாக்ஸ் பழகியவர் கைக்கு உடனே வரும். மேக்கில் ஓடாது. உங்களிடம் லினக்ஸ் என்றால் தாராளமாக முயலுங்கள்.


வேளச்சேரிவாசி
ஜூன் 15, மாலை 4.20

இரண்டு நாள் உட்கார்ந்தேன். பாதி வழி வந்துவிட்டேன். மூன்று இடத்தில் சிக்கியிருக்கிறேன்.

ஒன்று. விசைகளுக்குத் தனியாக ஒரு கோப்பு எழுதி, ஃப்ளேக்கிலிருந்து அதை அழைத்தேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. பெயரை ஏழு முறை சரிபார்த்துவிட்டேன்.

இரண்டு. 41 செருகுநிரல்களில் 38 நிக்ஸ் திரட்டிலேயே இருக்கின்றன. மற்ற மூன்றை எப்படிச் சேர்ப்பது?

மூன்று. லேசியை உடனே விட மனமில்லாமல் அதையும் வைத்துக்கொண்டேன். நிக்ஸ் நிறுவிய எந்தச் செருகுநிரலும் நியோவிமுக்குத் தெரியவில்லை.


பள்ளிக்கரணை மைந்தன்
ஜூன் 15, மாலை 5.05

முதலாவதற்கு: அந்தக் கோப்பைக் கிட் ஆட் செய்தீர்களா, அதாவது கிட்டின் கணக்கில் சேர்த்தீர்களா? ஃப்ளேக் கிட் களஞ்சியத்துக்குள் இருந்தால், கிட் அறிந்த கோப்புகளை மட்டும்தான் நிக்ஸ் பார்க்கும். கமிட் செய்யத் தேவையில்லை, ஆட் செய்தாலே போதும். நிக்ஸுக்கு வந்த அத்தனை பேரும் இந்தப் படியில் கால் இடறியிருப்பார்கள். பிழைச்செய்தி இதைச் சொல்லியிருந்தால் எத்தனை மாலைப்பொழுதுகள் மிஞ்சியிருக்கும்!

இரண்டாவதற்கு: விம் செருகுநிரல் உருவாக்கும் செயற்கூறு நிக்ஸ் திரட்டில் இருக்கிறது. கிட்ஹப்பில் உள்ள உரிமையாளர் பெயர், களஞ்சியத்தின் பெயர், கமிட் எண், ஹேஷ் நான்கையும் கொடுக்க வேண்டும். ஹேஷ் முன்கூட்டித் தெரியாதல்லவா, அந்த இடத்தில் லிப் ஃபேக்ஹேஷ் என்று போலி ஹேஷைக் கொடுத்து ஓட்டுங்கள். நிக்ஸ் கோப்பை இறக்கிப் பார்த்துவிட்டு, பொருந்தவில்லை என்று நின்றுவிடும். நீங்கள் சொன்னது இது, கிடைத்தது இது என்று இரண்டு வரிகளைக் காட்டும். கிடைத்ததை நகலெடுத்துப் போலியின் இடத்தில் ஒட்டி மறுபடி ஓட்டுங்கள். செருகுநிரலுக்கு இரண்டு நிமிடம்தான்.


பெருங்குடி லுவா
ஜூன் 15, இரவு 9.30

மூன்றாவது எனக்குத் தெரியும். நான் நிக்ஸை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். லேசி தொடங்கும்போது நியோவிமின் தேடுபாதைகளை அழித்துவிட்டுத் தன்னுடையவற்றை வைக்கும். நிக்ஸ் வைத்த பாதை அத்தோடு போய்விடுகிறது. லேசியின் அமைவில் செயல்திறன் பகுதியில் பேக்பாத் என்ற தேடுபாதையை மீட்டமைக்கும் தேர்வு ஒன்று உண்டு. அதை அணைத்தால் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் இரண்டு மேலாளர்களை ஒரே வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நிக்ஸுக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டால் லேசியை எடுத்துவிடுங்கள். கோப்பைத் திறக்கும்போது மட்டும் செருகுநிரலை ஏற்றும் வசதி போகும். 41 செருகுநிரல்களுக்கு அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது.

மேசன் வைத்திருக்கிறீர்களா? மொழிச் சேவையகங்கள் பலவற்றை அது ஆயத்த இருமக் கோப்புகளாக இறக்கும். உபுண்டுவில் ஓடும். நாளை நிக்ஸ்ஓஎஸுக்குப் போனால் அவற்றில் பல ஓடாது. இருமக் கோப்பு வழக்கமான இடத்தில் தேடும் ஏற்றி நிரல் அங்கே இல்லை. கோப்பு எதிரே இருக்க, அப்படி ஒரு கோப்பே இல்லை என்ற செய்திதான் மறுபடியும் வரும். நிக்ஸ்எல்டி என்று ஒரு தீர்வு உண்டு. ஆனாலும் மொழிச் சேவையகங்களை இப்போதே நிக்ஸிடமிருந்து வாங்கிக்கொள்வது நல்லது.

மயிலை சார் சொன்ன பிரிப்பு என் மண்டையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அன்று லுவா மொழியில் எழுதிய என் அமைவுக் கோப்புகளையும் நிக்ஸுக்குள் திணித்ததுதான் நான் செய்த தவறு. அடுத்த மாதம் இன்னொரு முறை பார்க்கப் போகிறேன்.


மயிலை ஈமாக்ஸ்
ஜூன் 16, காலை 6.10

ஒரு விஷயம் விடுபட்டுவிட்டது, முக்கியமானது. சில செருகுநிரல்கள் ஏதாவது சேவையின் ரகசியச் சாவியைக் கேட்கும். அதை நிக்ஸ் கோப்பில் எழுதாதீர்கள். நிக்ஸ் களஞ்சியத்துக்குள் போன எதையும் அந்தக் கணினியில் உள்ள எல்லாப் பயனர்களும் வாசிக்க முடியும். சாவியைத் தனிக் கோப்பில் வைத்து, எடிட்டர் தொடங்கும்போது படிக்கச் சொல்லுங்கள்.


வேளச்சேரிவாசி
ஜூன் 30, இரவு 10.15

இரண்டு வாரம் ஓட்டிவிட்டேன். பட்டதை எழுதுகிறேன்.

கிட் ஆட்தான். அனைவருக்கும் நன்றி. லேசியையும் மேசனையும் எடுத்துவிட்டேன். 41 செருகுநிரல்களைப் பட்டியலாகக் கண்முன் வைத்தபோதுதான் ஒன்பது செருகுநிரல்களை ஒரு வருடமாகத் தொட்டதே இல்லை என்று தெரிந்தது. இப்போது 32. மொழிச் சேவையகங்கள், ரிப்கிரெப், நிரல் ஒழுங்காக்கி எல்லாம் அதே கோப்பில். ஹோம் மேனேஜர் தானாகவே நியோவிமின் தொடக்கக் கோப்பை எழுதுகிறது. முழுக் கோப்புறையையும் வெளியே இணைக்கப் போனால் மோதல் வருகிறது. அதனால் லுவா உட்கோப்புறையை மட்டும் வெளி இணைப்பாக வைத்துக்கொண்டேன். விசைகளை இன்றும் நாளுக்குப் பத்து முறை மாற்றுகிறேன்; எதையும் மறுபடி உருவாக்க வேண்டியிருக்கவில்லை.

கடினமானது நிக்ஸ் மொழி. ஒரு அரைப்புள்ளி விடுபட்டதற்கு, வேறொரு வரியைக் காட்டிப் பிழை சொல்கிறது. தொடர்ந்து மூன்று மாலை அதற்கே போனது. புதிதாக வருபவர் இதற்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு வர வேண்டும். வேலைநாள் காலையில் தொடங்கக் கூடாது.

நேற்று வேண்டுமென்றே ஃப்ளேக்கின் லாக் கோப்பைப் புதுப்பித்தேன். இன்று காலை நிரல் ஒழுங்காக்கியின் புதிய பதிப்பு, குழுவின் மூலநிரலில் நான் தொடாத வரிகளையெல்லாம் மடித்து எழுதியது. தலைமுறைப் பட்டியலைக் கேட்டேன். முந்தைய எண்ணைத் தேர்ந்து செயல்படுத்தினேன். எதுவும் இறங்கவில்லை, எதுவும் உருவாகவில்லை. பழையது இருந்த இடத்திலேயே இருந்தது. நான்கு நொடி. மணி எட்டு நாற்பது. காபி சூடாகவே இருந்தது.

பள்ளிக்கரணை நண்பருக்கு: செயல்தவிர் வரலாற்றை நிக்ஸுக்குள் எழுதிவைக்க வழியில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். நியோவிமில் அது முகப்புக் கோப்புறையின் லோக்கல், அதற்குள் ஸ்டேட், அதற்குள் என்விம், அதற்குள் அண்டூ என்ற இடத்தில் கோப்புகளாகச் சேர்கிறது. அந்தக் கோப்புறையையும் கிட்டில் ஏற்றாத திருத்தங்களையும் தினமும் இரவு பதினொரு மணிக்கு வெளி வட்டுக்கு நகலெடுக்கும்படி செய்திருக்கிறேன். நாங்களும் தரைத்தளம்தான். வட்டு இரண்டாவது மாடியில் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நகல் அவருடைய வைஃபை வழியாகப் போகிறது.